தொட்டில் கணக்கு

அந்த வாரம் முழுக்கச் செண்பகவல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் முதுகு வலித்தது, எழுந்தால் கால் வீங்கியது, படுத்தால் வயிற்றுக்குள் இருந்த பிள்ளை புரண்டு புரண்டு படுத்தது. இதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்கிற காரணங்கள். உண்மையான காரணம் திங்கட்கிழமை. திங்கட்கிழமை அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கருவேலங்குளத்துப் பள்ளிக்கூடம் மூடப்படும். கருவேலங்குளம் அவள் வாழ்க்கைப்பட்ட ஊர்.

மூடப்படும் என்று சொன்னால் அவள் சரிபார்ப்பு அலுவலராக இருக்கிற அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள். இணைக்கப்படும் என்றுதான் சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் இருக்கிற அந்த எதிர்காலத் திட்டத் துறையில் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு மரியாதையான பெயர் உண்டு. அங்கிருந்த கணிப்பு இயந்திரத்துக்கும் "தொலைநோக்கு" என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊரில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. ஜோசியக்காரி என்றார்கள். பதினைந்து வருடம் கழித்து எந்த ஊரில் எத்தனை பேர் வேலைக்குப் போகிற வயதில் இருப்பார்கள் என்று சொல்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இரண்டாயிரத்து அறுபதுகளில் தமிழ்நாட்டுக்குப் பணத்தைவிடப் பெரிய பஞ்சம் பிள்ளைப் பஞ்சம். பென்ஷன் வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், வரி கட்டுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். தொழிற்சாலை வைக்க வருகிறவன் முன்பெல்லாம் நிலம் கேட்பான், தண்ணீர் கேட்பான். இப்போது பிள்ளை கேட்டான். "பதினஞ்சு வருஷம் கழிச்சு இங்க ஆள் இருக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. அதனால் ஒன்றியத்துக்கு ஒரு பெரும்பள்ளி என்று அரசாங்கம் முடிவு செய்தது. ஜோசியக்காரி எந்த ஊரைக் காட்டுகிறாளோ அங்கே பெரும்பள்ளி வரும், அதன் பக்கத்திலேயே தொழிற்சாலையும் வரும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் பஸ் ஏற வேண்டியதுதான்.

அவர்கள் ஒன்றியத்தில் ஜோசியக்காரி காட்டிய ஊர் வாகைப்பட்டி. வாகைப்பட்டி செண்பகவல்லி பிறந்த ஊர்.

முடிவு வெளியான அன்றே அம்மா ராமலெட்சுமி போனில் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"ஏளா, நம்ம ஊருக்குத்தான் வந்துருக்காம்! தலைவரு வீடு வீடா லட்டு குடுக்காரு. நான் ரெண்டு எடுத்தேன், ஒன்னு உனக்கு."

"கேள்விப்பட்டேம்மா."

"என்ன, இழுக்க? எட்டுப் பிள்ளையளுக்கு உப்புமா கிண்டி எனக்கே வெறுத்துப்போச்சு. இனி அண்டா வைக்கலாம்லா. கம்பெனியும் வருதாம். வந்தா ஒங்க அண்ணன் பெங்களூர்ல எதுக்குக் கிடக்கான்? வந்துருவாம்லா?"

ராமலெட்சுமி வாகைப்பட்டிப் பள்ளியில் காலை உணவு சமைக்கிறவள். புருஷன் போன பிறகு அந்த வீட்டில் அவளும் ஒரு மிக்ஸியும்தான் சத்தம் போடுகிறவர்கள். மகன் வருவான், தெருவில் பிள்ளைகள் ஓடும் என்று அவள் பேசப் பேச, செண்பகவல்லி "ஆமாம்மா, ஆமாம்மா" என்று சொல்லிக்கொண்டு அறைக்குள் நடந்தாள். அம்மா சந்தோஷமாகப் பேசி எத்தனை நாளாயிற்று! ஆனால் அவளுக்கு ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. எட்டுப் பிள்ளைகள் படிக்கிற ஊரை ஜோசியக்காரி எப்படிப் பிள்ளைக்காடு என்கிறாள்? பிறப்புப் பதிவுகளைப் பார்த்தாள். உண்மைதான், வாகைப்பட்டி ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நான்கு பிரசவம் நடக்கிறது. கருவேலங்குளத்தில் பிறப்பே கிடையாது. சரி, இயந்திரத்துக்கு நம்மைவிடத் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கருவேலங்குளத்தில் அவளுக்கு வளைகாப்பு.

காற்றாலை இறக்கைகளைச் செப்பனிடுகிற பட்டறைகள் நிறைந்த ஊர் அது. அவள் புருஷன் பேச்சிமுத்துவும் அப்படி ஒரு பட்டறையில்தான் இருந்தான். வேலை இருந்ததால் அந்த ஊர்ப் பையன்கள் யாரும் வெளியே போகவில்லை. பந்தலுக்குள் நாற்காலிக்குக் கீழே, பாயாசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், மைக் செட்டுக்காரரின் மடியில் என்று எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். ஒரு பொடிசு அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. மாமியார் பகவதி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அங்க ஒருத்தன் உள்ள இருக்கான், இங்க ஒருத்தன் வெளிய தொங்குதான்" என்று சிரித்தாள்.

சந்தனம் பூச வந்தவர்களில் பள்ளித் தலைமையாசிரியை ஜெபக்கனியும் இருந்தாள். மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிற மனுஷி. கன்னத்தில் சந்தனத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எங்க பள்ளிக்கூடத்த மூடுத ஆபீஸ்லதான வேல பாக்க?"

"டீச்சர், நல்ல நாளும் அதுவுமா..." என்று பகவதி குறுக்கே விழுந்தாள்.

"இருக்கட்டும் மதினி, கேக்கேன். எங்கிட்ட நூத்திச் சொச்சம் பிள்ளைய படிக்கி. அதுல பாதிதான் நெலைக்கும்னு ஒங்க மிஷினு சொல்லுதாம். மத்த பாதி எங்க ஓடப்போவுது? சொல்லு தாயி."

செண்பகவல்லிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சொன்னாள். "அது ஒரு விதி டீச்சர். ஒரு பிள்ள ஒரு ஊர்ல பொறந்து வேற ஊர்ல வந்து பள்ளிக்கூடத்துல சேந்தா, அது வந்த பிள்ள. அப்பா அம்மா வேலைக்கு வந்திருப்பாங்க, வேல முடிஞ்சா போயிருவாங்கன்னு வச்சு அர எண்ணிக்கைதான் குடுக்கும். ஒங்க பிள்ளைகள் எல்லாமே வந்த பிள்ளைகள்னு இருக்கு."

"வந்த பிள்ளையா? எங்கேருந்துளா வந்தாவ? முப்பாட்டன் காலத்துலேருந்து இங்கதான கெடக்கோம்!"

"அது யாருன்னு மிஷினுக்குத் தெரியாது டீச்சர். பேரையும் விலாசத்தையும் பாக்கக் கூடாதுன்னு சட்டம். எங்க பொறந்துச்சு, எங்க சேந்துச்சு, அவ்வளவுதான் பாக்கும்."

அதற்குள் வாசலில் பரபரப்பு. ராமலெட்சுமி ஐந்து வகைச் சாதமும் தாம்பாளங்களுமாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். மகளைப் பார்த்த கண்ணுக்கு மாமியாரைப் பார்க்கத் தோன்றவில்லை. நேராக வந்து மகளின் வயிற்றைத் தொட்டாள். வளையல் போட்டு முடித்து, "சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கெளம்பணும்" என்றாள்.

பகவதி மெல்ல ஆரம்பித்தாள். "மதினி, நான் ஒன்னு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. அவ இங்கயே இருந்துக்கிடட்டுமே. ஆபீசுக்கும் பக்கம். நான் பாத்துக்கிட மாட்டனா?"

"அதெப்படி மதினி!" ராமலெட்சுமியின் குரல் ஏறிவிட்டது. "தலப்பிள்ளைய தாய் வீட்டுல பெறாம? ஊரு என்ன பேசும்? பெத்தவளுக்கு வக்கில்லன்னு பேசாது?"

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நானும் எங்கம்மா வீட்டுலதான பெத்தேன். இந்த ஊர்ல எவ இங்க பெத்தா? எல்லாவளும் ஏழாம் மாசம் பொட்டியத் தூக்கிட்டுப் போயி, பிள்ளையத் தூக்கிட்டு வந்தவதான்."

பந்தலில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். செண்பகவல்லி சிரிக்கவில்லை. கையில் இருந்த வளையல்கள் குலுங்க எழுந்தே விட்டாள்.

"ஒங்க பிள்ள எங்க பொறந்துச்சு?" என்று எதிரே இருந்தவளைக் கேட்டாள்.

"சங்கரன்கோயில்ல. ஏன்?"

"நீங்க?"

"வாகைப்பட்டிதான். நானும் ஒங்க ஊருதான மதினி, மறந்துட்டியளா?"

"நீங்க?"

"வாகைப்பட்டி." "கடையநல்லூர்." "வாகைப்பட்டி." யாருக்கும் எதற்காகக் கேட்கிறாள் என்று புரியவில்லை. மசக்கை தலைக்கேறிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். செண்பகவல்லிக்கு இப்போது விளங்கிவிட்டது. வாகைப்பட்டி பெண் கொடுக்கிற ஊர். பையன்கள் எல்லாம் போய்விட்டார்கள், பெண்களை எல்லாம் கட்டிக்கொடுத்தாயிற்று. அந்தப் பெண்கள் பிரசவத்துக்கு மட்டும் வருகிறார்கள். வந்து, பெற்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஜோசியக்காரிக்குப் பிள்ளை பிறந்தது தெரியும். போனது தெரியாது. அது அங்கேயே வளருகிறது என்று எழுதிக்கொள்கிறாள். ஐந்து வயதில் வாகைப்பட்டிப் பள்ளியில் வந்து சேரவில்லை என்றால், ஏதோ தனியார் பள்ளிக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறாள். அதே பிள்ளை கருவேலங்குளத்தில் போய்ச் சேர்ந்தால், யாரோ வந்தார்கள் என்கிறாள். படித்த பெரிய மனிதர்கள் இத்தனை பேர் உட்கார்ந்து விதி எழுதினார்களே, ஒருத்தர் வீட்டிலுமா பெண் பிரசவத்துக்குத் தாய் வீடு போகவில்லை? செண்பகவல்லிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவோடு ஆட்டோவில் வாகைப்பட்டிக்குப் போனாள். ஊர் எல்லையில் "பெரும்பள்ளி அமையும் இடம்" என்று புதிதாகப் பலகை நட்டிருந்தார்கள். ராமலெட்சுமி ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, பலகையில் ஒட்டியிருந்த தூசியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு வந்து ஏறினாள்.

திங்கட்கிழமை காலையிலேயே செண்பகவல்லி இயக்குநர் ஞானதுரையின் அறைக்குள் நுழைந்துவிட்டாள். ஞானதுரை நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவமே! என் பொண்ணு போன மாசம்தான் பிரசவத்துக்கு வந்துட்டுப் போனா. எனக்குத் தோணலையே!"

"திருத்தி ஓட்டிப் பாருங்க சார். எங்க ஒன்றியத்துக்கு மட்டும்."

"ஒன்றியத்துக்கு மட்டும் எப்படிம்மா? விதி எல்லாத்துக்கும் ஒண்ணுதானே. போய் டீ குடிச்சிட்டு வாங்க."

அவள் டீ குடிக்கவில்லை. தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அவர் கூப்பிட்டபோது கதவைச் சாத்தச் சொன்னார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நீங்க சொன்னது சரி. கருவேலங்குளம்தான் பெரும்பள்ளிக்கு உரிய ஊர். வாகைப்பட்டியில ஒண்ணும் இல்ல. அது போகட்டும். இதைப் பாருங்க."

திரையில் மாநிலம் முழுவதற்குமான வரைபடம் இருந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு, போன வாரம் இருந்த இடத்திலிருந்து சரிந்து கிடந்தது.

"ரெண்டு தடவ எண்ணியிருக்கோம்மா. பொறந்த ஊர்ல ஒரு தடவ. வந்து சேர்ந்த ஊர்ல அரைத் தடவ. இப்படி வருஷக்கணக்கா, மாநிலம் பூரா. திருத்தினா ஏழு பிள்ளைக்கு ஒண்ணு இல்ல. நம்ம கணக்குல மட்டும்தான் இருந்திருக்கு."

செண்பகவல்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஞானதுரை எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தார். அவருக்கும் இப்போது இருப்புக் கொள்ளவில்லை. "இந்தப் பிள்ளைகளை நம்பித்தான் கம்பெனிகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம். இந்தப் பிள்ளைகள் நாளைக்குக் கட்டப்போற வரியை நம்பித்தான் பென்ஷன் திட்டம். இல்லன்னு சொன்னா கம்பெனிக்காரன் நாளைக்கே பக்கத்து மாநிலத்துக்குப் போயிருவான். இருக்கிற பிள்ளைக்கும் வேலை போச்சு. புரியுதா?"

"புரியுது சார்."

"அதனால நான் ஒண்ணு சொல்றேன். கருவேலங்குளத்துக்குத் தனி ஆணை வாங்கித் தர்றேன். அந்தப் பள்ளிக்கூடம் அப்படியே இருக்கும். வாகைப்பட்டிக்கும் அறிவிச்சது வரட்டும். ரெண்டும் உங்க ஊர். ரெண்டு ஊரும் சந்தோஷமா இருக்கும். மத்ததுக்குப் பழைய கணக்கே சரின்னு கையெழுத்துப் போட்டுருங்க. ரெண்டு மூணு வருஷத்துல மெதுவா, யாருக்கும் வலிக்காம திருத்திக்கலாம்."

உள்ளதைச் சொல்ல வேண்டும். செண்பகவல்லி பேனாவை எடுத்தாள். கையெழுத்தில் முதல் எழுத்தைப் போடக் குனிந்தும் விட்டாள். பலகையைத் துடைத்த அம்மாவின் முந்தானை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஜெபக்கனி டீச்சரின் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டும் கிடைக்கிறது, வேறு யார் கொடுத்துவைத்தவர்கள்? மேஜை விளிம்பு வயிற்றில் அழுத்தியது. உள்ளே இருந்தது ஓங்கி ஒரு உதை விட்டது.

"சார், எம் பிள்ள வாகைப்பட்டியில பொறக்கும். கருவேலங்குளத்துல படிக்கும்."

"ஆமா."

"அப்போ அதையும் கூடுதலாத்தான எண்ணுவோம்?"

அவர் திரையில் சரிந்து கிடந்த கோட்டைப் பார்த்தார்.

"அந்த இல்லாத பிள்ள பெரிசானா அதுக்குன்னு ஒரு வேல வச்சிருப்போம். அதுக்குன்னு ஒரு வரி, அது தாங்க வேண்டிய வயசானவங்க. அத எல்லாம் யாரு சார் செய்வா?"

"இருக்கிற ஆறு பேர்தான்" என்றார் ஞானதுரை. குரல் கேட்கவே இல்லை.

செண்பகவல்லி பேனாவை மூடி வைத்தாள். அன்று மத்தியானமே திருத்திய கணக்கைச் சட்டமன்றக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். சரிபார்ப்பு அலுவலருக்கு அந்த அதிகாரம் உண்டு. அதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை, அவ்வளவுதான். ஞானதுரை அவளைத் தடுக்கவுமில்லை, அதன் பிறகு அவளோடு பேசவுமில்லை.

அம்மாவிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. இரண்டு நாள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். மூன்றாம் நாள் காலையில் பள்ளிச் சமையல்கட்டுக்கே போய், ரவை வறுத்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ராமலெட்சுமி அடுப்பை அணைத்தாள்.

"யாரு திருத்துனா?"

"நான்தாம்மா."

"நீயா?" கரண்டியை வைத்த சத்தத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. "பெத்த ஊருக்குக் குழி தோண்டுறதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?"

"இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்டி என்னம்மா செய்ய? அங்க பிள்ள இருக்கு, தெருவெல்லாம் இருக்கு. நீயே பாத்தல்லா?"

"பாத்தேன்." ராமலெட்சுமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "எனக்குத் தெரியாதாளா இங்க பிள்ள இல்லன்னு? எட்டுத் தட்டு கழுவுதவளுக்குத் தெரியாதா? ஒங்க அண்ணன் நம்பல, இந்த ஊர நம்பி எவனும் இருக்கல. அந்த மிஷினு ஒருத்திதான் நம்புனா. சரி, நம்பிட்டுப் போறான்னு இருந்தேன். அவகிட்டயும் போயி சொல்லிக்குடுத்துட்டியே."

செண்பகவல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா அவளைத் தேற்றவில்லை. மறுபடி அடுப்பைப் பற்றவைத்து உப்புமாவைக் கிண்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. மீன்குழம்பு வந்தது, கால் பிடித்துவிட எண்ணெய் வந்தது, ராத்திரி பால் வந்தது, பேச்சு வரவில்லை. வெளியே ஒரே அமளி. ஏழில் ஒரு பிள்ளையைக் காணோம், போலீசில் புகார் கொடுக்கலாமா என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். ஒரு கம்பெனி பக்கத்து மாநிலத்துக்குப் போயிற்று, இன்னொன்று பாதி போதும் என்றது. வாகைப்பட்டிப் பலகையைப் பிடுங்கி லாரியில் ஏற்றினார்கள். கருவேலங்குளத்துக்குப் பெரும்பள்ளி வந்தது, சொன்னதில் பாதி அளவில். பெங்களூரிலிருந்து அண்ணன் போன் செய்து, "கம்பெனி இல்லேன்னா நான் அங்க வந்து என்னம்மா செய்ய?" என்றான். ராமலெட்சுமி, "சாப்பிட்டியாய்யா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்த செண்பகவல்லி, தான் செய்தது சரிதானா என்று புரண்டு புரண்டு யோசித்தாள். சரி என்று தெரிந்தது. தெரிந்தும் ஆறவில்லை.

இவ்வளவு பயந்த அரசாங்கம் விதியையும் அவசரமாக மாற்றியது. பயம் வந்தால் அரசாங்கத்துக்குக்கூட வேகம் வரும். இனிமேல் பிள்ளை பிறந்த ஊரை எண்ணக் கூடாது. பிள்ளை எந்த ஊரில் வளரப்போகிறது என்று ஆஸ்பத்திரியிலேயே பெண் வீட்டாரைக் கேட்க வேண்டும். அவர்கள் எந்த ஊரைச் சொல்கிறார்களோ அந்த ஊர்க் கணக்கில்தான் பிள்ளை. பொய் சொன்னால் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. வாகைப்பட்டிப் பள்ளி எட்டுப் பிள்ளையோடாவது நிற்குமா என்பதையும் இனி அந்தக் கணக்குதான் சொல்லும். அதனால் வாகைப்பட்டிக் கிழடுகள் எல்லாம் கூடிப் பேசி, நம்ம பெண்கள் பெறுகிற பிள்ளைக்கு நம்ம ஊரையே சொல்லிவிடுவது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு ராமலெட்சுமியும் போயிருந்தாள். திரும்பி வந்து அதைப் பற்றி மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் வாகைப்பட்டி ஆஸ்பத்திரியில் செண்பகவல்லிக்குப் பெண் பிறந்தது. பேச்சிமுத்து பட்டறையிலிருந்து வந்துகொண்டிருந்தான். பிள்ளையைத் துடைத்து, துணியில் சுற்றி, நர்ஸ் ராமலெட்சுமியின் கையில்தான் முதலில் கொடுத்தாள். பிறகு கையடக்கக் கருவியை எடுத்தாள். அந்த நர்ஸுக்கும் இதே ஊர்தான். தீர்மானம் அவளுக்கும் தெரியும். விரல் ஏற்கெனவே 'வா'வில் இருந்தது.

"சும்மா ஒரு மொறைக்குக் கேக்கேன் சித்தி. பிள்ள வளரப்போற ஊரு?"

படுக்கையில் கிடந்த செண்பகவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். கேட்கவும் பயமாக இருந்தது, தடுக்கவும் மனம் வரவில்லை.

ராமலெட்சுமி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். உச்சியில் ஒட்டியிருந்த ஈர முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள்.

"கருவேலங்குளம்" என்றாள்.

நர்ஸ் நிமிர்ந்தாள். "சித்தி? அப்போ நம்ம ஊரு?"

"இவ இங்க விருந்துக்கு வந்துருக்கா" என்றாள் ராமலெட்சுமி. "ஒரு ஆள ஒரு தடவதான எண்ணணும். போடு."